சின்னவன் நடக்கிற தூரம்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. தை மாசம் பிள்ளைகளோடு வருகிறாய் என்றதும் பெரியம்மா கம்பளிகளை எடுத்து வெயிலில் போட ஆரம்பித்துவிட்டாள்.

சிவனொளிபாத மலை ஏறவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சின்னவனுக்கு ஐந்து வயசு. நல்லதண்ணிப் பக்கம் ஐயாயிரத்துக்கும் மேலே படிகள். கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களும் உண்டுதான். அது நேர்த்திக்கடன், அந்தக் கணக்கு வேறு. நீ ஊர் காட்டத்தானே வருகிறாய்? டொரண்டோவில் ஏர்ல் பேல்ஸ் பூங்காவின் பனிச்சறுக்கு மேட்டில் இரண்டும் விழுந்து எழும்பும் படம் அனுப்பினாயே, பெரிய மலைகளை விட்டுவிட்டு மாநகரசபை நடத்துகிற அந்தச் சின்ன மேட்டை ஏன் பிடித்தாய்? அந்தப் புத்தியை இங்கேயும் வைத்துக்கொள். ஹோட்டன் சமவெளிக்குப் போங்கள்.

உயரம் 2,100 மீட்டர் இருக்கும். ஆனால் அவ்வளவையும் வேனே ஏறிவிடும். மேலே போனபிறகு புல்வெளியும் காடுமாக மேடுபள்ள நடைதான். முழுச் சுற்று 9 கிலோமீட்டர். அதைச் சுற்றியே தீரவேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதம் பிடிப்பார், விடாதே. சின்ன உலக முடிவு என்கிற மலை விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பினாலே போதும். அங்கேயே பள்ளம் 270 மீட்டர் அளவு. பெரிய உலக முடிவில் 870 மீட்டர் என்கிறார்கள். விளிம்புக்குப் பக்கத்தில் படம் எடுப்பது ஒருத்தர் வேலை, சின்னவன் கையைப் பிடிப்பது மற்றவர் வேலை. இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது. பேக்கர் நீர்வீழ்ச்சி இறக்கம் சேறும் வழுக்கலும். அதைப் பெரியவள் வளர்ந்தபிறகு பார்க்கட்டும்.

இருட்டோடே கிளம்பவேண்டும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு எந்த முடிவும் தெரியாது. வாசலில் பையைச் சோதித்து பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றச் சொல்வார்கள். ரொட்டியையும் சம்பலையும் டப்பாவில் கட்டிக்கொள். கனடா பாஸ்போர்ட்டுக்கு வெளிநாட்டார் கட்டணம், உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. அங்கே முகம் சுளித்துப் பிரயோசனமில்லை. குளிர்ச்சட்டைக்குப் பெட்டி நிறைக்காதே. நுவரெலியா பேல் பஸாரில் மலிவாக வாங்கலாம்.

வாசலுக்குப் பக்கத்தில் மரைகள் ஆளுக்குப் பயப்படாமல் வந்து நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டப் பார்ப்பார்கள், கூடாது. பாதையை விட்டுப் புல்லில் இறங்கிச் சறுக்கவும் கூடாது. சறுக்கிப் பழகின கால்கள், அதனால் முன்கூட்டியே சொல்லி வை.

தை மாசத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் விடியும்போது புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். ஒரு புல்லைக் கிள்ளிக் கையில் கொடு, வெயில் படுமுன்னே விரலில் கரைந்துவிடும். இவர்களுக்கு அது ஸ்னோவாகத்தான் தெரியும், தெரியட்டும். ஆனால் நீங்கள் தலவாக்கலை வழியாகத்தானே போவீர்கள். திரும்பும்போது பள்ளத்து மலைகளில் கருகின தேயிலை கண்ணில் பட்டால் வேனை மெதுவாக விடச்சொல்லிக் காட்டு. காலையில் விளையாடின அதே பனிதான். கொழுந்து கருகினால் அது துளிர்த்து வரும்வரைக்கும் அந்த மலையில் எடுக்க ஒன்றுமில்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். உன் அப்பாயி அப்படி எத்தனை அரைப்பேர் வாங்கினாள் என்பதைப் பெரியவளுக்குச் சொல்லும் வயசு வந்துவிட்டது. சின்னவனிடம் இப்போது வேண்டாம்.

இன்னொன்று. கொழுந்து எடுக்கிற பெண்களை நிறுத்தி, பிள்ளை தோளில் கூடையை மாட்டிப் படம் எடுக்காதே. நம் ஆட்களே இப்போது அதைத்தான் செய்கிறார்கள், பார்க்க எரிச்சலாக வருகிறது. பேசவேண்டுமென்றால் நிறுவை முடியட்டும். அப்போது அவர்களே கூப்பிட்டு, எந்தத் தோட்டம், யார் பேத்தி என்று விசாரிப்பார்கள்.

சின்னவன் பாதிவழியில் உட்கார்ந்துவிட்டால் அங்கேயே திரும்பிவிடு. மாப்பிள்ளை தோளில் தூக்கிக்கொண்டு மிச்சத்தை முடிக்கப் பார்ப்பார். அவருடைய முழங்கால் இருக்கிற நிலைமைக்கு அது ஆகாது.

வேன்காரத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தேதியை மட்டும் எழுது. போயா நாளாகவும் சனி, ஞாயிறாகவும் இல்லாமல் பார்த்துக்கொள், கூட்டம் தாங்காது.

அன்புடன்,
பெரியப்பா