வேலி இல்லாத வளவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீங்கள் இரண்டு பேரும் கரவன் வாங்கிவிட்டதாக அம்மா தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நாலு படுக்கை, பின்பக்கம் குளியலறை, பழையதுதான் என்றாலும் ஈரம் பிடித்திருக்கிறதா என்று சோதித்து வாங்கியது என்று எல்லா விவரமும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. இழுத்து ஓடுவதைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரித்தானியாவில் 1997இலிருந்து சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்தவர்கள் பாரம் கூடிய கரவனை இழுப்பதற்குத் தனிச் சோதனை எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 2021 டிசம்பரோடு போய்விட்டது. ஆனால் வண்டியை நிறுத்திய பிறகு, அயலோடு எப்படி இருப்பது என்பதற்கு ஒருவரும் சோதனை வைப்பதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு அயல் என்றால் முதலில் ஞாபகம் வருவது வேலி. பழைய கிடுகை அவிழ்த்து, உக்கின கதியாலைப் பிடுங்கி, புதிதாக நட்டு அடைப்பார்கள். அடைத்து முடிந்த கையோடு, கதியால் ஒரு விரற்கடை இந்தப் பக்கம் அரக்கப்பட்டுவிட்டது என்று தொடங்கும் வழக்கு, பேரப்பிள்ளைகள் காலம்வரை நீதிமன்றப் படியேறும். கரவன் தளத்தில் வேலி இல்லை. புல்லும், இலக்கம் எழுதிய ஒரு சின்ன முளையும்தான் இருக்கும். அந்த முளையைச் சுற்றி எல்லை எங்கே ஓடுகிறது என்று கண்ணாலேயே அளந்து பழகுவதுதான் உனக்கு முதல் வேலை.

முளையைச் சாதாரணமாக நினைக்காதே. கரவனின் எந்த மூலை அதோடு ஒட்டி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று தளத்தைப் பார்த்துக்கொள்ளும் வோர்டன் சொல்லுவார். புதிதாக வருபவர்கள் சிலர், ஏரி தெரியும் பக்கமாகத் திருப்பி விட்டால் என்ன என்று கேட்பார்கள். பிரித்தானியாவில் செய்யும் கரவன்களுக்கு வாசல் இடது பக்கத்தில். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து விட்டால், உன் வாசல் பக்கத்துக் கரவனின் வாசல் இல்லாத பக்கத்தைத்தான் பார்க்கும். ஒருவர் மாத்திரம் திருப்பி விட்டாரென்றால் இரண்டு வாசலும் நேருக்கு நேர் வந்துவிடும். பிறகு காலையில் இரவு உடுப்போடு கதவைத் திறக்கிற மனிதர், தேநீர்க் கோப்பையோடு இருக்கும் அந்நியக் குடும்பம் ஒன்றின் முன்னால்தான் வந்து நிற்பார். ஐரோப்பாவில் செய்த கரவன்களுக்குப் பெரும்பாலும் வாசல் வலப்பக்கம். அப்படி ஒன்று பக்கத்தில் வந்தால், கரவனோடு சேர்த்து விரிக்கும் உன் கூடாரத்தின் கதவைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்.

இங்குள்ள பெரிய கரவன் கழகங்களின் விதிப்படி, எதிரெதிராக நிற்கும் இரண்டு கரவன் சுவர்களுக்கு நடுவில் குறைந்தது 6 மீற்றர் வேண்டும். கூடாரம் எல்லாம் போட்டு முடிந்த பிறகும் 3 மீற்றர் வெறும் நிலமாகக் கிடக்க வேண்டும். இது மரியாதைக்கு மட்டும் வைத்த கணக்கு இல்லை, நெருப்புக்கு வைத்த கணக்கு. மெல்லிய தகடு, நுரை, மரம், கூடவே காஸ் சிலிண்டர். ஒன்று பற்றினால் அடுத்ததற்குப் பாய நேரம் எடுக்காது. ஆகவே அந்த 3 மீற்றரை வெறுமையாகக் கிடக்கும் காணி என்று எண்ணி, நாற்காலியையும் பிள்ளைகளின் சைக்கிளையும் கொண்டுபோய்ப் பரப்பாதே. காற்றுத் தடுப்புச் சீலையை ஒவ்வொரு நாளும் ஒரு அடி தள்ளி நட்டுக்கொண்டு போகிறவர்களைப் பெரியம்மா கண்டதுண்டு. ஊரில் கதியாலை அரக்கினவர்களின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

கும்பிரியாவில் ஏரிக்கரைத் தளம் ஒன்றில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். அப்போது உன் அண்ணன்மாருக்கு ஒன்பது வயதும் ஏழு வயதும். தண்ணீர்க் குழாய் பக்கத்துக் கரவனைத் தாண்டி இருந்தது. பாதையால் சுற்றிப் போனால் இன்னும் நாற்பது அடி கூட நடக்க வேண்டும். பிள்ளைகள் தண்ணீர்ப் பீப்பாயை உருட்டிக்கொண்டு, அந்தக் கரவனுக்கும் அதன் காருக்கும் இடையால் குறுக்கே போய் வந்தார்கள். அங்கே வயதான ஒரு அம்மா தனியாக வந்து தங்கியிருந்தார். காலை ஏழரைக்குப் பெரிய ஜன்னலின் திரையை முழுக்க உயர்த்திவிட்டு, ஏரியைப் பார்த்தபடி தேநீர் குடிப்பார். முதல் நாள் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அந்தத் திரை பாதிக்குத்தான் உயர்ந்தது. நாலாம் நாள் உயரவே இல்லை.

அவர் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் ஊரென்றால் வேலிக்கு மேலால் ஒரு சத்தம் வந்திருக்கும், விசயம் அன்றைக்கே முடிந்திருக்கும். இங்குள்ளவர்கள் பலர் வாய் திறந்து குறை சொல்வதைக் கூச்சமாக நினைப்பவர்கள். அவர்கள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் நம்மவர்கள் விடும் பெரிய பிழை. ஏரியைப் பார்ப்பதற்கென்றே காசு கட்டி வந்த ஒருவர் திரையை மூடிக்கொண்டு இருளில் இருக்கிறார் என்றால், அதைவிடப் பெரிய முறைப்பாடு வேறென்ன இருக்கிறது? பெரியம்மா போய்க் கதவைத் தட்டவில்லை. அவர் வெளியே வந்து கதிரையில் இருக்கும்வரை பார்த்திருந்து, பாதையில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் அன்றிலிருந்து சுற்றித்தான் போனார்கள். மறுநாள் ஏழரைக்குத் திரை மேலே போனது.

அந்த நாற்பது அடியை மறக்காதே. குழாயடி, குளியலறை, குப்பைத்தொட்டி எங்கே போவதென்றாலும் பாதையால் போ. ஒருவர் வாடகை கொடுத்த நிலம், அவர் அங்கே இருக்கும்வரை அவருடைய வளவு. கேட்காமல் வளவுக்குள் வருகிறவரை ஊரில் என்ன சொல்லுவோம் என்று உனக்குத் தெரியும்.

அடுத்தது சத்தம். அநேக தளங்களில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணிவரை அமைதி நேரம். கரவனின் சுவர் ஏறக்குறைய ஒரு அங்குலத் தடிப்புத்தான். உள்ளே இருமினால் பக்கத்தில் கேட்கும். வெளியே கூடாரத்துக்குள் இருந்து கதைத்தாலோ, சீலைக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பில் குரல் தானாகவே கூடிவிடும். நாங்கள் நாலு குடும்பமாகச் சேர்ந்து போகிறவர்கள், சேர்ந்தால் கதை ஊருக்குப் போகும், பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகும், பன்னிரண்டு மணி ஆகும். அந்தச் சந்தோசம் வேண்டாம் என்று பெரியம்மா சொல்லவில்லை. நாலு வண்டியாகப் போவதென்றால் முன்பதிவு செய்யும்போதே தளத்துக்குச் சொல்லிவிடு. ஒரு மூலையாகப் பார்த்துத் தருவார்கள். பத்தரைக்கு எல்லோரும் ஒரு கரவனுக்குள் போய், ஜன்னலைச் சாத்திக்கொண்டு கதையைத் தொடருங்கள். கூடாரத்து முளை அடிக்கிற சுத்தியலும் இந்தக் கணக்குக்குள் வரும். இருட்டிப் போய்ச் சேர்ந்தால் கூடாரத்தை அன்றைக்கு விரிக்காதே. கூடாரத்து வெளிவிளக்கையும் படுக்கும்போது அணைத்துவிடு. அது உன் வாசலுக்கு மட்டும் வெளிச்சம் போடுவதில்லை.

சமையலைப் பற்றி உனக்கு யாரும் சொல்லமாட்டார்கள், பெரியம்மாதான் சொல்ல வேண்டும். எங்கள் சாப்பாட்டுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. புட்டு அவித்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. செத்தல் மிளகாயைச் சூடான எண்ணெயில் போட்டால், காற்று வீசும் பக்கத்தில் இருக்கும் மூன்று கரவன்களுக்கும் இருமல் வரும். கறியை வீட்டிலேயே காய்ச்சி உறைய வைத்துக் கொண்டுபோ, அங்கே சூடாக்கு. மீன் பொரிப்பதென்றால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து அடுப்பை வை. கரி அடுப்பைப் புல்லின்மேல் நேரே வைத்தால், போகும்போது கருகின வட்டம் ஒன்றை விட்டுவிட்டுப் போவாய். மழை வந்தாலும் அதைக் கூடாரத்துக்குள் மட்டும் எடுக்காதே. அணைந்ததுபோலத் தெரியும் கரியிலிருந்தும் காபன் மொனொக்சைட் வரும். மணமில்லாத அந்த வாயுவால் தூக்கத்திலேயே உயிர் போனவர்கள் இந்த நாட்டில் உண்டு.

கழிவறைக் கசெற்றை, அதாவது கழிவு சேரும் பெட்டியை, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் ஊற்ற வேண்டும், அங்கே இருக்கும் குழாயில்தான் அலச வேண்டும். குடிதண்ணீர்க் குழாயடிக்கு அதைக் கொண்டு போகவே கூடாது. கிணற்றுக்கட்டில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று அம்மம்மா சொல்லி வளர்த்த வீட்டுப் பிள்ளை நீ, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோப்பை கழுவின தண்ணீரையும் நிலத்தில் விடாதே.

அயலை நினைத்து நடப்பதற்குப் பெரியப்பா அடிக்கடி சொல்லுகிற கதை ஒன்று உண்டு. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்று ஒரு கடற்படை மருத்துவர், கதைகளும் எழுதியவர். 1885இல் பிறிஸ்டலில் ‘வாண்டரர்’ என்று ஒரு பெரிய வண்டியைச் செய்வித்து, இரண்டு குதிரை பூட்டி, இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னஸ்வரை போனவர். கிட்டத்தட்ட இரண்டு தொன் பாரம். இன்பத்துக்காகக் கரவனில் ஊர் சுற்றுவதை இந்த நாட்டில் தொடக்கிவைத்தவர் என்று சொல்லுவார்கள். 1907இல் கரவன் கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைத் தலைவரும் அவர்தான். பெரியப்பாவுக்குப் பிடித்தது அவருடைய வேலையாள் செய்த வேலை. மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் ஓடிப்போய், ஒடுக்கமான பாதையில் எதிரே வருகிறவர்களுக்கு, பெரிய வண்டி ஒன்று வருகிறது என்று அறிவிப்பான். தன்னால் பிறருக்கு இடைஞ்சல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் செய்கிற ஏற்பாடு அது. அதுபோல நீயும் பின்பக்கமாக வண்டியை விடும்போது பிள்ளைகளைக் கீழே இறக்கி, ஒருவரை மட்டும் பின்னால் நிற்கவிடு. பக்கத்தில் இருப்பவர் உதவட்டுமா என்று கேட்டால் ஓம் என்று சொல். இன்னொருவர் திண்டாடுவதைக் கண்டால் நீயும் கேள், ஆனால் கேட்காமல் கையைக் காட்டத் தொடங்காதே. புதிதாக வந்தவர்கள் தேநீர் போட்டுக் குடிக்கும்வரை யாரும் போய்க் கதை கொடுக்காதீர்கள்.

இத்தனையும் எழுதியதால் அங்கே வாய் மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நினைத்துவிடாதே. எங்கள் வேலியிலும் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால்தான் கறிச்சட்டியும் பிள்ளைகளும் போய் வந்தார்கள். கும்பிரியாவில் அந்த அம்மா வீடு திரும்பும் நாளில், பாதி இருந்த பால் போத்தலையும் நடைபாதை வரைபடம் ஒன்றையும் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கடைசியாக மின்சாரம். பெரும்பாலான தளங்களில் கிடைப்பது 16 அம்பியர், ஏறக்குறைய 3,600 வாற். சில இடங்களில் 10 அல்லது 6 அம்பியர்தான். வீட்டுக் கெட்டில் ஒன்றே 3,000 வாற் இழுக்கும், கூட ஒரு ஹீற்றரும் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். சில தளங்களில் அதைத் திரும்பப் போட வோர்டனைத்தான் கூப்பிட வேண்டும், பாவம், அவர் இரவுச் சாப்பாட்டில் இருப்பார். ஒரு கம்பத்தில் நாலு கரவனின் வயர் மாட்டியிருக்கும், எல்லாமே செம்மஞ்சள். ஒருமுறை புறப்படும் அவசரத்தில் பெரியப்பா ஒன்றைக் கழற்றிச் சுற்றிக்கொண்டே போக, அது பக்கத்துக் கரவனுக்குக் கீழே போய் முடிந்தது. அவர்கள் மலையேறப் போயிருந்தார்கள். உடனே மாட்டிவிட்டு, நடந்ததையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கதவில் செருகிவிட்டுத்தான் புறப்பட்டோம், குளிர்பெட்டியில் என்ன வைத்திருந்தார்களோ தெரியாதே.

உனக்கென்று 25 மீற்றர் வயரும், 1,000 வாற் கெட்டில் ஒன்றும் எடுத்து வைத்திருக்கிறது. வயரின் இரண்டு நுனியிலும் பெரியம்மாவின் பழைய பச்சைச் சேலையில் கிழித்த துண்டைப் பெரியப்பா கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
பெரியம்மா