கூரைத் தகடும் குடும்ப நலமும்



ஓலையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டால் தீப்பயம் இல்லை. உண்மைதான். ஆனால் அந்தத் தகடு எதனால் ஆனது தெரியுமா? சிமெண்டோடு கல்நார் என்னும் கனிமத்தைக் கலந்து செய்தது. கல்நாரின் நுண்ணிய இழைகள் கண்ணுக்குத் தெரியா. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலிலேயே தங்கிவிடும். தீராத மூச்சிரைப்பும், நுரையீரலிலும் அதன் உறையிலும் புற்றுநோயும் உண்டாகலாம். நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகும். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் அதிகம்.

"இத்தனை வருஷமா இதுக்கு அடியிலதானே படுக்கிறோம், ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பீர்கள். நல்ல நிலையில் உள்ள தகட்டிலிருந்து இழைகள் அதிகம் பறப்பதில்லை. அறுக்கும்போது, துளை போடும்போது, உடைக்கும்போது, காய்ந்த பாசியைச் சுரண்டும்போதுதான் தூசு கிளம்புகிறது. ஆகவே பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.

வீட்டை ஒரு சுற்று பாருங்கள்:

1. தகட்டில் விரிசல் உண்டா? ஓரம் உதிர்கிறதா? தட்டிப் பார்க்காதீர்கள். மேலே ஏறி நடக்காதீர்கள். உடைந்து விழுந்தால் உயிரே போகலாம்.

2. உடைந்த துண்டுகள் கொல்லையில் கிடக்கின்றனவா? பிள்ளைகள் எடுத்து விளையாட விடாதீர்கள். நனைத்து, கனத்த பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்று ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

3. பழைய கதவு, ஜன்னலில் பெயிண்ட் உரிகிறதா? அதில் ஈயம் இருக்கலாம். ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு நம் நாட்டில் 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள்.

தகடு மாற்றும்போது:

குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அப்பால் அனுப்புங்கள். தண்ணீர் தெளித்து, முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள். மின்சார ரம்பம் கூடாது. விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். மூக்கில் துண்டு கட்டினால் இழைகள் நிற்காது.

வேலை செய்த துணியை உதறாதீர்கள். தனியாக ஊறவைத்து அலசுங்கள். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் சட்டையைத் துவைத்த மனைவிமார்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது.

விடாத இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தூசு கிளப்பாதீர், குடும்பத்தைக் காப்பீர்!