சங்கல்பம் சொல்லும் ‘இன்று’

அர்ச்சனைத் தட்டை நீட்டுகிறீர்கள். ‘பேரு, நட்சத்திரம், கோத்திரம்?’ என்கிறார் குருக்கள். சொல்லி முடித்ததுமே மனசு வீட்டுக்கு ஓடிவிடுகிறது. கேஸை அணைத்தோமா? பிளஸ் டூ பையன் படிக்கிறானா, டி.வி. பார்க்கிறானா? போன வாரம் நாத்தனார் சொன்ன அந்த ஒரு வார்த்தை... தீபாராதனை முடிந்த பிறகுதான், அம்பாளுக்கு இன்று என்ன நிறப் புடவை என்பதைக்கூடப் பார்க்கவில்லையே என்று உறைக்கிறது.

நடந்ததை நினைத்து வருத்தம், நடக்கப் போவதை நினைத்துப் பயம். இரண்டுக்கும் நடுவில் இன்றைய நாள் காணாமல் போய்விடுகிறது. அதைப் பிடித்து வைக்க ஒரு வழி, நாம் காதில் வாங்காமல் விட்டுவிடும் சங்கல்பத்திலேயே இருக்கிறது.

கோயிலில் கூட்ட நேரத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். (சில இடங்களில் அந்த வேகத்துக்கு நம் காது ஈடுகொடுக்க முடியாது!) விநாயகர் சதுர்த்திக்கோ வரலட்சுமி விரதத்துக்கோ வீட்டில் முழுதாகச் சொல்லும்போது கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் சொல்லும் முறையில், ‘என்னை வந்து சேர்ந்த தீவினைகள் எல்லாம் நீங்க வேண்டும்’ என்ற கருத்தோடு அது தொடங்கும். கடந்த காலத்துக்கு அங்கே அவ்வளவுதான் இடம்.

அடுத்து வருவது காலக் கணக்கு. பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேதவராக கல்பம், வைவஸ்வத மனுவின் காலம், 28-வது சதுர்யுகம், அதில் கலியுகம். கலியுகம் மொத்தம் 4,32,000 ஆண்டுகள். கி.மு. 3102-ல் தொடங்கியதாகக் கணக்கு; எனவே, இன்னும் முதல் பாதத்தில்தான் இருக்கிறோம். பிறகு 60 ஆண்டுகளில் இது எந்த ஆண்டு, எந்த அயனம், எந்த ருது, என்ன மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, கிழமை, நட்சத்திரம் என்று இறங்கி வருகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளில் தொடங்கி, நீங்கள் மணைப்பலகையில் உட்கார்ந்திருக்கும் இந்த வேளையில் வந்து நிற்கிறது!

திதியை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகும் நேரம் ஒரு திதி. அது சுமார் 19 மணி நேரத்தில் முடிவதும் உண்டு. 26 மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. காலை பூஜைக்குச் சதுர்த்தி, அன்று மாலையே பஞ்சமி என்று வரலாம். நேற்றுச் சொன்னதை இன்று அப்படியே ஒப்பிக்க முடியாது.

எதிர்காலமும் வருகிறது. குடும்பத்துக்கு க்ஷேமம், தைரியம், ஆயுள், ஆரோக்கியம் எல்லாம் கேட்கிறோம். ஆனால் ஒரே ஒரு முறை. உடனே, ‘இந்தப் பூஜையைச் செய்கிறேன்’ என்று முடித்து, தண்ணீரைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பிள்ளையின் பரீட்சையைப் பற்றிக் கவலைப்படாதே என்று யாரும் சொல்லவில்லை. சாமியிடம் சொல்லியாகிவிட்டது, இப்போது கையில் இருப்பது பூ.

சமஸ்கிருதம் வராதே என்று தயங்க வேண்டாம். காலையில் விளக்கேற்றும் முன், தினசரி காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு இன்றைய மாதம், பிறை, திதி, கிழமை, நட்சத்திரத்தைத் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘தை மாதம், வளர்பிறை, பஞ்சமி, வெள்ளிக்கிழமை, உத்திரட்டாதி’ என்பதுபோல. ஊர் பெயரையும் சொல்லுங்கள். மனதை அரிக்கும் ஒரு விஷயத்தையும், வேண்டுதல் ஒன்றையும் அம்பாளிடம் சொல்லிவிட்டு, எண்ணெய் விடுவதையும் திரி சுடர் பிடிப்பதையும் மட்டும் பாருங்கள். நாத்தனார் பேச்சு மறுபடி தலைகாட்டும்தான். கோபப்படாமல் மறுபடியும் ‘வெள்ளிக்கிழமை, பஞ்சமி’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மட்டும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

திதி எத்தனை மணி வரை என்பதும் அதே காலண்டர் தாளில் அச்சிட்டிருக்கும். மாலை விளக்கேற்றும்போது மறக்காமல் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.