சபையை விட்டுப் போக நினைக்கும் மருமகளுக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள மருமகளுக்கு,

"சபையை விட்டுப் போனா சாபம் வருமா அத்தை?" என்று போனில் கேட்டாய். வராது என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஞாயிறு ஆராதனையிலும் வெள்ளி இரவு ஜெபத்திலும் கேட்டுக் கேட்டு மனசில் ஊறிய பயம், அத்தை சொன்ன ஒரு வார்த்தையில் போய்விடாது. அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நீ தங்கியிருக்கும் அந்த சபை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் படி.

உன் சபையில் சத்தமாகப் பாடுகிறார்கள், அந்நிய பாஷையில் ஜெபிக்கிறார்கள், கடைவீட்டு மாடியில் கூடுகிறார்கள் என்பதற்காக நான் பயப்படவில்லை. எங்கள் வட்டாரத்தில் ஃபாத்திமா மாதா கோயில் இருக்கிறது, சீயோன் லுத்தரன் ஆலயம் இருக்கிறது. அப்படியிருந்தும், தோட்டத்தை விட்டு வந்து ஊர் தெரியாமல் நின்ற குடும்பங்களை மாடிச் சபைகள் அரவணைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய சபையில் பிஷப்பும் சினாடும் இருப்பதாலேயே அங்கே அநியாயம் நடக்காது என்றும் சொல்லமாட்டேன். கட்டடத்தையும் ஆராதனை முறையையும் விடு. கேள்வி கேட்டவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள், விட்டுப் போனவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள், இந்த இரண்டையும் கவனி.

நான் முன்பு போய்க்கொண்டிருந்த சபையில் ஒரு அக்கா இருந்தார். கட்டட நிதிக்கு மாதாமாதம் கொடுத்தவர். ஒருநாள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம், "இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது பிரதர்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் கோராகைப் பற்றி. மோசேக்கு எதிராக எழும்பியதால் பூமி வாய் திறந்து விழுங்கியதே, அந்தக் கோராகு. பாஸ்டர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் "இந்த சபையிலும் கோராகின் ஆவி நுழைந்திருக்கிறது" என்றபோது, அக்காவின் வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்தார்கள். கீழே தேநீர் ஊற்றும் இடத்தில் அவர் கோப்பையை நீட்டினார். ஊற்றிக்கொண்டிருந்த பெண் முகத்தைப் பார்க்காமலே ஊற்றிவிட்டு நகர்ந்துகொண்டாள். வழக்கமாக அவரோடு நின்று பேசுகிறவர்கள் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டார்கள். திட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. மூன்றாவது வாரம் அக்கா அதே பொருளாளரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்த அதிகாரத்தை நீயே எடுத்துப் படி, எண்ணாகமம் 16. பாஸ்டர் வாசிக்காமல் விட்ட இடம் ஒன்று அதில் இருக்கிறது. கலகம் செய்தவர்கள் முன்னால் மோசே, நான் இவர்களிடம் ஒரு கழுதையைக்கூட எடுத்ததில்லை என்று தன் கணக்கைத் தேவனிடம் திறந்து காட்டுகிறான். சாமுவேல் வயதானபோது ஜனங்களைக் கூட்டி, யாருடைய மாட்டை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்று தானாகவே கேட்கிறான். கணக்குக் கேட்பது கலகம் என்றால் இவர்கள் ஏன் கணக்குச் சொன்னார்கள்?

நமக்குப் பக்கத்திலேயே நடந்த கதை ஒன்று. சிங்கப்பூர் சிட்டி ஹார்வெஸ்ட் சபையில், 2003-இல் உறுப்பினர் ஒருவர், சபைப் பணம் பாஸ்டரின் மனைவியுடைய பாட்டுத் தொழிலுக்குப் போகிறது என்று வெளியே சொன்னார். சபை மறுத்தது. கடைசியில் சொன்னவரே பத்திரிகையில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் கொடுத்தார். ஆயிரக்கணக்கான விசுவாசிகள் கைதட்டி ஆராதித்துக்கொண்டிருந்தார்கள். 2010-இல் அரசாங்க விசாரணை தொடங்கியது. 2015 அக்டோபரில் அந்த பாஸ்டர், சபை நிறுவனர் காங் ஹீ உட்பட ஆறு பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2 கோடியே 40 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி போலிக் கடன் பத்திரங்களில் போனது. அதை மறைக்க இன்னும் 2 கோடியே 60 லட்சம் சுற்றிவிடப்பட்டது. 2017-இல் மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, காங் ஹீக்கு மூன்றரை வருஷச் சிறை. 2003-இல் கேட்ட கேள்வியை அன்றைக்கே உட்கார்ந்து விசாரித்திருந்தால் அந்த ஆறு குடும்பங்களும் தப்பியிருக்கும், கண்ணு.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அதைவிட மோசமானது இருக்கிறது. ரவி சகரியாஸ் பெயரை உன் அப்பா சொல்லிக் கேட்டிருப்பாய். 1946-இல் மதராஸில் பிறந்து, டில்லியில் வளர்ந்து, உலகமெங்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்காக வாதாடிய பேச்சாளர். 2017-இல் கனடாப் பெண் ஒருவர் அவர்மேல் புகார் சொன்னபோது, அந்தப் பெண்ணும் கணவரும் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அவரே வழக்குப் போட்டார். வாய் திறக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு அது முடிந்தது. அவருடைய அமைப்பு அவர் பக்கமே நின்றது. 2020 மே மாதம் அவர் இறந்தபோது பெரிய மரியாதை. மறு வருஷம் பிப்ரவரியில், அமைப்பே அமர்த்திய வழக்கறிஞர்களின் விசாரணை அறிக்கை வந்தது. அவருக்கு மசாஜ் செய்த பெண்களிடம் பல வருஷம் தகாதபடி நடந்திருக்கிறார். அதில் ஒரு பெண்ணின் வாக்குமூலம் என்னைத் தூங்கவிடவில்லை. ஊழியப் பணத்தில் அவளுக்கு உதவி செய்துவிட்டு, பிறகு அவள் உடலைக் கேட்டார். இந்த வாய்ப்புக்காக என்று தேவனுக்கு நன்றி சொல்லி அவளையும் கூட ஜெபிக்க வைத்தார். வெளியே சொன்னால் லட்சக்கணக்கான ஆத்துமாக்கள் அழிவதற்கு நீதான் பொறுப்பு என்று எச்சரித்தார்.

அந்தக் கடைசி எச்சரிக்கையைப் பார். செய்தவர் அவர், பாரம் அவள் தலையில். உன் செல் குரூப் லீடர் உன்னிடம், "நீ போனால் உன்னால் இன்னும் மூன்று பிள்ளைகள் பின்வாங்கிப் போவார்கள்" என்றாளே, அதுவும் இந்த வகைதான். அளவுதான் சின்னது.

அபிஷேகம் பெற்றவரைத் தொடக் கூடாது என்று உங்கள் பாஸ்டர் அடிக்கடி சொல்வதாகச் சொன்னாய். அது 105-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் யார் தெரியுமா? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்த நிலம் இல்லாமல் தேசம் தேசமாக அலைந்த அந்நியர்கள். எச்சரிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். கை ஓங்கியவனிடமிருந்து கதியற்றவனைக் காக்கச் சொன்ன வார்த்தை அது. மைக் பிடித்தவர் அதை எடுத்து உன்னைப் போன்ற மாணவிகளை மிரட்டுவது வேதத்துக்கே செய்கிற துரோகம்.

தாவீது சவுலைக் கொல்ல மறுத்தான் என்பதையும் இதற்குச் சேர்த்துச் சொல்வார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் ஈட்டி வந்த வீட்டில் தாவீது தங்கவும் இல்லை. தன் வீட்டிலிருந்தும் ஜன்னல் வழியாக ஓடினான். பிறகு ஒருநாள் குகையை விட்டு வெளியே வந்து, சவுலைக் கூப்பிட்டு, நீ செய்வது அநியாயம் என்று உரக்கச் சொன்னான். அதற்குப் பிறகும் சவுலோடு வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

இன்னும் சில அடையாளங்கள். ஆலோசனை என்று தனியறையில் நீ அழுது சொன்னது அடுத்த வாரம் "தீர்க்கதரிசனமாக" மேடையில் வருவது. யாரைக் கல்யாணம் பண்ண வேண்டும், எந்த வேலைக்குப் போகலாம் என்பதற்கெல்லாம் பாஸ்டரின் அனுமதி. அப்பா அம்மாவைப் பார்க்கப் போவதை "உலகம் இழுக்கிறது" என்பது. தசமபாகம் குறைந்தால் விபத்து வரும் என்பது. சர்க்கரைக்கோ மனச்சோர்வுக்கோ டாக்டர் கொடுத்த மாத்திரையை விசுவாசத்தின் பெயரில் நிறுத்தச் சொல்வது. இந்தக் கடைசி ஒன்றைக் கேட்டால் அன்றைக்கே கிளம்பிவிடு, வேறு எதையும் யோசிக்காதே.

இப்போது போகும் வழி. போகப் போகிறேன் என்று முன்கூட்டியே யாரிடமும் சொல்லாதே, உன் நெருங்கிய தோழியிடமும் வேண்டாம். அவள் கெட்டவள் என்பதால் இல்லை. கேட்டால் சொல்லியாக வேண்டும் என்று அவளும் பழக்கப்பட்டிருக்கிறாள். "கடைசியாக ஒரு தடவை பேசலாம்" என்று பாஸ்டர் கூப்பிடுவார். தனியாகப் போகாதே. போகவே வேண்டியதில்லை. வெளியே வந்த பிறகு ஒரு வரி வாட்ஸ்அப் போதும்: இனி நான் வரவில்லை, என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம். காரணம் எழுதினால் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வசனத்தோடு பதில் வரும். நீ மறுபடி வாதத்துக்குள் இழுக்கப்படுவாய்.

ஐசி, பாஸ்போர்ட், அசல் சான்றிதழ்கள் எல்லாம் உன் கையில் இருக்க வேண்டும். வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் காணிக்கையை நிறுத்து. மிரட்டும் செய்திகளையும் குரல் பதிவுகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் அழிக்காமல் அப்பாவின் போனுக்கு அனுப்பிவிடு. நீ சொன்ன ரகசியங்களை வெளியிடுவோம் என்று யாராவது பயமுறுத்தினால், மலேசியத் தண்டனைச் சட்டம் 503-ஆம் பிரிவில் குற்றமுறு மிரட்டலுக்கு இடம் இருக்கிறது. போலீஸில் புகார் செய்யலாம்.

எவராவது உன்னைத் தொட்டிருந்தாலோ, கூட இருக்கும் தங்கைகளில் ஒருத்தி அப்படிச் சொன்னாலோ, சபைக்குள் பேசித் தீர்க்க விடாதே. கோலாலம்பூர் மருத்துவமனை, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. என்று கேட்டால் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் புகார், ஆலோசனை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் ஏற்பாடு செய்வார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால், 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பதே குற்றம். தாலியான் காசே உதவி எண் 15999. மனம் தாங்காத இரவில் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்நேரமும் எடுப்பார்கள்.

வெளியே வந்த பிறகுதான் கஷ்டமான நாட்கள். போனில் நூறு பேர் இருந்த இடத்தில் நாலு பேர் இருப்பார்கள். காய்ச்சல் வந்தால், பரீட்சையில் மார்க் குறைந்தால், "அவர் சொன்னது பலிக்கிறதோ" என்று தோன்றும். காய்ச்சல் சபையில் இருக்கிறவர்களுக்கும் வருகிறது. அவர்களுக்கு வந்தால் சோதனை, உனக்கு வந்தால் சாபம் என்று பெயர் வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஜெபிக்க வாய் வராவிட்டால் ஜெபிக்காதே. உடனே வேறு சபை தேடி ஓடவும் வேண்டாம். போக விருப்பம் வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார். கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், பாஸ்டர்மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள் என்று கேள். சங்கமாகப் பதிந்த சபை என்றால், 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் பதிவிலாகாவுக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்க உனக்குக் கூச்சம் வேண்டாம்.

சனிக்கிழமை காலை சபை வீட்டில் இருப்பவர்கள் உபவாச ஜெபத்துக்குப் போய்விடுவார்கள் என்றாய். அந்த நேரத்துக்கு அப்பாவும் நானும் வேனோடு வருகிறோம். புத்தகங்களைப் பெட்டியில் போட்டு வை, மெத்தையை விட்டுவிடு. எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் அப்பாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை