நோட்டை எப்போது மூடுவது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை யூனிட் வைத்திருக்கிறோம். கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 60 பேர். நிட்டிங், டையிங் வெளியே ஜாப் ஒர்க். படிப்பு முடித்து வந்த என் மகன் ஈ.ஆர்.பி. மென்பொருள் வாங்கிப் போட்டான். சூப்பர்வைசர் வழக்கம்போல நோட்டில் எழுதுகிறார்; சாயங்காலம் அதை ஒரு பெண் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். இரண்டு கணக்கும் ஒத்துப்போவதே இல்லை. வேறு மென்பொருள் வாங்கலாமா, பழையபடியே இருந்துவிடலாமா?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இரண்டும் வேண்டாம். வேறு எதை வாங்கினாலும் இதே கதைதான். உங்கள் வேலைமுறை அப்படியே இருக்கிறது. கூடியிருப்பது டைப் அடிக்கும் வேலை மட்டும். துணி எடை குறைந்திருப்பது கட்டிங் தொடங்கும் முன்பே தெரிந்தால் டையிங்காரரிடம் கேட்கலாம். வெட்டி முடித்த பிறகு சாயங்காலம் தெரிந்து என்ன செய்ய?

ஃபோர்டு கம்பெனி 1980-களில் இதே இடத்தில் நின்றது. வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500-க்கும் மேற்பட்டவர்கள். கம்ப்யூட்டர் போட்டால் 100 பேரைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அப்போது ஜப்பானின் மாஸ்டாவைப் பார்த்தார்கள்; அங்கே அந்த வேலைக்கு 5 பேர். மாஸ்டா சிறிய கம்பெனிதான், ஆனாலும் அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஃபோர்டில் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, சப்ளையர் அனுப்பும் பில் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாதவற்றின் பின்னால் ஓடுவதிலேயே பொழுது போனது. எனவே பில்லையே வேண்டாம் என்றார்கள். சரக்கு இறங்கும் இடத்தில் இருப்பவர் கம்ப்யூட்டரில் ஆர்டரைப் பார்ப்பார்; சரியாக இருந்தால் அங்கேயே பதிவார், பணம் போய்விடும். அந்தப் பிரிவில் ஆட்கள் முக்கால்வாசி குறைந்தார்கள். நிர்வாகவியல் நிபுணர் மைக்கேல் ஹாமர் 1990-ல் எழுதிய கட்டுரையால் இது நிர்வாக உலகில் பிரபலமானது. ஆள் குறைப்பை விட்டுவிடுங்கள்; பதிவு நடக்கும் இடம் மாறியதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஏழு ஆண்டுகள் முயன்று, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு 2018-ல் சாப் மென்பொருள் திட்டத்தைக் கைவிட்டது. சரக்கைக் கொள்முதல் விலையில் கணக்கு வைப்பது லிடிலின் பழக்கம். அந்த மென்பொருளின் அமைப்போ விற்பனை விலையைக் கொண்டது. பழக்கத்தை விடாமல் மென்பொருளை வளைத்துக்கொண்டே போனது முக்கியக் காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. "எங்க முறைக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுங்க" என்று மென்பொருள்காரரிடம் கேட்கும் முன், அந்த முறை எதற்காக இருக்கிறது என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட முறைகளில் பாதிக்குக் காரணமே இருக்காது.

உங்கள் யூனிட்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். நூல் நிட்டிங்குக்குப் போவதிலிருந்து டையிங், காம்பாக்டிங் முடிந்து துணி திரும்புவது வரை உள்ள பாதையை மட்டும் முதலில் எடுங்கள். காசு கசிவது பெரும்பாலும் அங்கேதான். எடை போடும் இடத்திலேயே, டி.சி. (டெலிவரி சலான்) எண்ணோடு, எடை போடுகிறவரே போனில் பதியட்டும். எந்த டையிங்கில் எந்த லாட்டுக்கு எவ்வளவு பிராசஸ் லாஸ் என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி.க்கும் இது வேண்டும்: ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி கேட்பார்கள். ஜாப் ஒர்க் கணக்குக்கான ஐ.டி.சி.-04 படிவம் நிரப்பும்போது ஆடிட்டர் ஆபீஸில் பழைய டி.சி. புத்தகங்களைக் கிளற வேண்டியிருக்காது.

அடுத்து, அந்த ஒரு பாதைக்கு நோட்டை மூடத் தேதி குறியுங்கள். அரசாங்கம் இ-இன்வாய்ஸைக் கொண்டுவந்த விதத்தைக் கவனியுங்கள். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களிடம் தொடங்கி, படிப்படியாக இறக்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தார்கள். ஆனால் வரம்புக்குள் வந்தவர் பிற வணிகர்களுக்குப் போடும் பில், போர்ட்டல் தரும் எண் இல்லாவிட்டால் செல்லாது. மெதுவாக விரித்தார்கள், இரட்டைக் கணக்குக்கு மட்டும் இடம் தரவில்லை.

சூப்பர்வைசரை எதிரியாக்கிவிடாதீர்கள், என் கணிப்பில் உங்கள் வெற்றி அவர் கையில்தான். அவர் நோட்டின் ஓரத்தில், எந்த லாட்டில் ஷேடு மாறியது, எந்த டெய்லர் எந்த ஆபரேஷனில் தேறியவர் என்றெல்லாம் குறித்திருப்பார். மென்பொருளில் அதற்குக் கட்டமே இருக்காது. உங்கள் மகன் அவரோடு உட்கார்ந்து அந்தக் குறிப்புகளைப் படிக்கட்டும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு அன்றைய பீஸ் கணக்கைப் போனில் காட்டுங்கள். கணக்கு தப்பினால் அவர்களே அன்றைக்கே வந்து கேட்பார்கள், சனிக்கிழமை சம்பள நேரத்துத் தகராறும் குறையும். டைப் அடிக்கும் பெண்ணை நிறுத்த வேண்டாம். பதிவுகளைச் சரிபார்க்கவும் டையிங்காரர்களிடம் பேசவும் ஓர் ஆள் வேண்டுமே.

உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்ற பதிவு கட்டாயம். அதை அணைத்து வைக்கக் கூடாது. கடைசியாக, அடுத்த ஆண்டுச் சந்தா கட்டும் முன், உங்கள் தகவல் முழுவதையும் எக்செல்லில் எப்போது கேட்டாலும் தருவதாக மென்பொருள்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.