சடங்கு விதியும் அறமும்: ‘டிரிக் ஆர் டிரீட்’ தொகைத் திரைப்படத்தில் அச்சமும் நகையும்

ஆய்வுச் சுருக்கம்

மைக்கேல் டாகர்ட்டி எழுதி இயக்கிய ‘டிரிக் ஆர் டிரீட்’ (2007) ஒரே ஹாலோவீன் இரவில் நிகழும் பல கதைகளைக் கொண்ட அமெரிக்கத் தொகைத் திரைப்படம் ஆகும். இதில் தண்டனை வழங்கும் சடங்கு விதியும் நன்மை தீமையை அளக்கும் அறமும் வெவ்வேறாக நிற்கின்றன. அவற்றின் இடைவெளியில் நகை பிறக்கும் முறையையும், அவை நெருங்கும் இடத்தில் நகை அற்றுப்போவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொகைத் திரைப்படம், ஹாலோவீன், சடங்கு விதி, அச்சம், நகை.

தொகையும் இணைப்பும்

பேய்க்கதைத் தொகைப்படங்கள் கதைகளைக் கோக்க ஒரு சொல்லியை நாடுவது வழக்கம். 1945இல் வெளிவந்த ‘டெட் ஆஃப் நைட்’ என்னும் பிரித்தானியப் படத்தில் நாட்டுப்புற வீடொன்றில் கூடிய விருந்தினர்கள் தத்தம் அனுபவத்தைக் கூறுகின்றனர். 1972இன் ‘டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்’ படத்தில் நிலவறைக் காவலன் ஒருவன் ஐவருக்கு அவரவர் கதையைக் காட்டுகிறான். 1982இன் ‘கிரீப்ஷோ’வில் சித்திரக்கதை இதழின் பக்கங்கள் புரள்கின்றன. இவற்றில் ஒரு கதை முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும்.

டாகர்ட்டி சொல்லியை நீக்கிவிடுகிறார். ஒகையோ மாநிலத்தின் வாரன் வேலி என்னும் கற்பனைச் சிற்றூரும் அக்டோபர் 31ஆம் நாள் இரவுமே இங்குக் கோக்கும் நூல். காலவரிசையும் குலைக்கப்படுகிறது. பள்ளி முதல்வர் வில்கின்ஸ் தம் தோட்டத்தில் பிணத்தைப் புதைத்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டு முதியவர் க்ரீக் சன்னலருகே நின்று உதவி கேட்டுக் கதறுகிறார். வில்கின்ஸ் ஏசிவிட்டு நகர்கிறார். முதற்காட்சியில் இது சிடுமூஞ்சி அண்டைவீட்டாரின் சச்சரவாகச் சிரிப்பூட்டுகிறது. அச்சன்னலுக்குப் பின்னே என்ன நிகழ்ந்தது என்பது இறுதிக் கதையிலேயே தெரியவருகிறது. அப்போது முன்னர்ச் சிரித்த சிரிப்பு பார்வையாளரை உறுத்துகிறது.

1996இல் டாகர்ட்டி உருவாக்கிய ‘சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்’ என்னும் அசைவூட்டக் குறும்படமே இதன் வித்து. 2007ஆம் ஆண்டு அக்டோபரில் திரையரங்குகளுக்கு வரவேண்டிய படம் தள்ளிவைக்கப்பட்டு, 2009 அக்டோபரில் குறுந்தகடாகவே வெளியானது. ஆயினும் ஆண்டுதோறும் அப்பருவத்தில் மீண்டும் பார்க்கப்படும் படமாக அது நிலைத்துவிட்டது.

விதியின் காவலன்

கதைகள் அனைத்திலும் தோன்றும் ஒரே உருவம் சாம். சாக்குத்துணி முகமூடியும் செம்மஞ்சள் இரவுடையும் அணிந்த சிறுவன் போன்ற வடிவம், பேச்சில்லை. கெல்ட்டிய மக்களின் சம்ஹைன் விழாவை நினைவூட்டும் பெயர் இது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்விழாவின் நம்பிக்கைகள், நவம்பர் 1இல் வரும் அனைத்துப் புனிதர் திருநாளின் முந்தைய மாலையோடு கலந்தன. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கிழங்கைக் குடைந்து செய்யப்பட்ட விளக்கு அமெரிக்காவில் பூசணி விளக்காயிற்று.

மாறுவேடம் பூணுதல், வருவோர்க்கு மிட்டாய் வழங்குதல், பூசணி விளக்கை உரிய நேரத்திற்கு முன் அணைக்காதிருத்தல் ஆகியனவே சாம் காக்கும் விதிகள். விழாக் களைப்பில் எம்மா என்பவள் கணவனின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது விளக்கை ஊதி அணைக்கிறாள். முற்றத்து அலங்காரங்களை அகற்றும்போதே கொல்லப்படுகிறாள். அவள் செய்ததோ வீட்டைத் துப்புரவாக்கும் வேலை! குற்றத்திற்கும் தண்டனைக்கும் உள்ள இப்பொருத்தமின்மையே படத்தின் முதல் நகை.

இதற்கு நேர்மாறானவர் வில்கின்ஸ். பூசணி விளக்குகளை உடைத்து மிட்டாயையும் திருடிய சார்லி என்னும் சிறுவனுக்கு நஞ்சூட்டிக் கொல்கிறார். ஆனால் அவர் மிட்டாய் வழங்குகிறார். காட்டேரி வேடம் பூணுகிறார். மகனுடன் அமர்ந்து விளக்குச் செதுக்கவும் செய்கிறார். விதி எதையும் மீறாத கொலைகாரரைச் சாம் தீண்டுவதில்லை. அவருக்கு முடிவு வேறிடத்தில் வருகிறது. வேடம் பூண்டு அவர் தாக்கும் லாரி என்னும் இளம்பெண் ஓநாய் மாந்தருள் ஒருத்தி. அவளுக்கு அவர் இரை, அவ்வளவே. தொல்காப்பியம் நகைக்குரிய நிலைக்களன்களுள் முதலில் வைக்கும் எள்ளலை இங்கு நினைக்கலாம். சிவப்புப் போர்வையணிந்த பேதைப் பெண் பலியாவாள் என எதிர்பார்த்த பார்வையாளரே எள்ளப்படுகிறார், எள்ளப்பட்டும் நகைக்கிறார்.

நஞ்சு மிட்டாய் என்னும் கூறு வெறும் கற்பனையன்று. அந்நியர் மிட்டாயில் நஞ்சு வைப்பர் என்ற அச்சம் அமெரிக்கப் பெற்றோரிடையே நெடுங்காலம் நிலவியது. இதனை ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், அது பெரிதும் வாய்மொழிப் புனைவே எனக் காட்டினார். 1974இல் டெக்சாஸில் ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு கலந்து ஒரு சிறுவன் கொல்லப்பட்டது உண்மை. கலந்தவர் அவனுடைய தந்தை. ஊரறிந்த பள்ளி முதல்வரை நஞ்சூட்டுபவராக்கியதன் வழி, அச்சம் தேடவேண்டிய இடம் அந்நியரின் வாயிலன்று என்பதைப் படம் கூர்மையாக உணர்ந்துள்ளது.

நகை நிற்கும் இடம்

மனநலச் சிக்கல் உடைய எட்டுச் சிறுவர்களைப் பெற்றோர்கள் சுமையாகவும் இழிவாகவும் கருதிப் பேருந்து ஓட்டுநருக்குப் பணம் தந்து கொல்ல ஏற்பாடு செய்தனர் என்பது இவ்வூரின் பழங்கதை. ஹாலோவீன் வேடத்துடன் இருக்கையில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட அச்சிறுவர்களோடு பேருந்து கற்குழி நீரில் வீழ்கிறது. இப்பகுதியில் சாவுக்கு முன்னோ பின்னோ வேடிக்கை எதுவும் வைக்கப்படவில்லை. கொன்றவர் பேயுமன்று, விலங்குமன்று.

இதே கற்குழிக்கு ரோண்டா என்னும் சிறுமியை மற்றச் சிறுவர்கள் அழைத்து வந்து, இறந்தவர்போல் நடித்து அலற வைக்கின்றனர். உண்மையிலேயே இறந்தவர்கள் எழுந்து வரும்போது, மின்தூக்கியின் உள்ளே இருக்கும் ரோண்டா கதவைத் திறக்க மறுத்து மேலே செல்கிறாள். பூசணி விளக்குகளை அன்போடு செதுக்கி விழாவை மதித்தவள் ஆதலின் விதி அவளைக் காக்கிறது. கெஞ்சுவோர் முகத்தை நோக்கியபடி அவள் காக்கும் அமைதியை நீதி எனக் கொள்வதா, கொடுமை எனக் கொள்வதா? திறனாய்வாளர் பலர் இதனைப் பழிவாங்கலின் இன்பமாகவே காண்பர். ஆயின் அவளிடம் பரிவு காட்டிய சிறுவனும் அக்கதவுக்கு வெளியேதான் நிற்கிறான். அதனைக் கருதினால் அவ்வின்பம் நிலைப்பதில்லை.

மிட்டாய் கேட்டு வரும் சிறுவர்களை நாயைக் கொண்டு விரட்டும் க்ரீக், இறுதிக் கதையில் சாமின் தாக்குதலுக்கு உள்ளாகிறார். அவர் நெஞ்சில் கிடந்த மிட்டாயில் ஆயுதம் பாய, அதனையே வழங்கப்பட்ட பொருளாக ஏற்றுச் சாம் விலகுகிறது. விதியின் கணக்கு நேராகிவிட்டது. கணப்பில் எரியும் நிழற்படமோ அவரே அப்பேருந்தின் ஓட்டுநர் எனக் காட்டுகிறது. உடலெங்கும் கட்டுகளோடு வருவோர்க்கு மிட்டாய் வழங்கத் தொடங்கும் அவருடைய கதவு மீண்டும் தட்டப்படுகிறது. வாயிலில் பேருந்துச் சிறுவர்கள் தத்தம் வேடத்துடன் நிற்கின்றனர்.