இடுப்பு மூட்டு உரசல்: மீயொலி ஸ்கேன் எதைக் காட்டும்?

தரையில் அமர்ந்து பல மணி நேரம் பீடி சுற்றும் பெண்கள், வயலில் குனிந்து நாற்று நடுவோர், பண்பொழி திருமலைக் கோயில் படிகளை ஏறி இறங்குவோர் எனத் தென்காசி வட்டாரத்தில் இடுப்பை மடக்கி உழைப்போர் பலர். அவர்களுள் சிலருக்கு எழும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று வலிக்கிறது. அதை வாயுப் பிடிப்பு என்றோ முதுகுவலி என்றோ எண்ணித் தைலம் தேய்த்தே மாதங்கள் கழிகின்றன. அவ்வலிக்கு இடுப்பு மூட்டு உரசல் ஒரு காரணமாக இருக்கலாம்.

உரசல் என்பது யாது?

இடுப்பு மூட்டு, கிண்ணத்துள் பந்து சுழல்வது போன்ற அமைப்புடையது. தொடை எலும்பின் தலையே பந்து. அத்தலையும் கழுத்தும் சேருமிடம் புடைத்திருந்தாலோ, கிண்ணத்தின் விளிம்பு மிகுதியாக நீண்டிருந்தாலோ, காலை மடக்கும்போது இரண்டும் மோதும். இடையிலுள்ள விளிம்புக் குருத்தெலும்பு நசுங்கிக் கிழியக்கூடும். இவ்வுரசல் பிற்கால மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கலாம் என 2003-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் விளக்கினர்.

ஸ்கேனின் பயனும் எல்லையும்

மீயொலி ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை. மூட்டில் நீர் கோத்திருப்பதையும், முன்பக்கத் தசைநாண்களின் வீக்கத்தையும், சிலவேளை எலும்பின் புடைப்பையும் அது காட்டும். காலை அசைத்துக்கொண்டே பார்க்க இயல்வது அதன் தனிச்சிறப்பு. ஆயினும் ஒலி எலும்பை ஊடுருவாது. மூட்டின் ஆழ்பகுதி தெரியாது. எனவே எலும்பின் வடிவத்தை அறிய எக்ஸ்ரேயும், குருத்தெலும்பை அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தேவைப்படலாம். ஸ்கேனில் குறையில்லை என்பதால் உங்கள் வலி பொய்யாகிவிடாது. வலியே இல்லாத பலருக்கும் எலும்புப் புடைப்பு உண்டு. ஆதலால் படத்தை மட்டும் கண்டு அறுவை சிகிச்சைக்கு அஞ்ச வேண்டியதில்லை. வலி, மருத்துவர் காலை மடக்கித் திருப்பிச் செய்யும் சோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துவர வேண்டும் என்பது 2016-இல் வல்லுநர்கள் கண்ட உடன்பாடு.

ஊசிச் சோதனை

வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா என ஐயம் எழுந்தால், ஸ்கேன் பார்த்தபடியே மூட்டுக்குள் மரப்பு மருந்து செலுத்துவதுண்டு. அடுத்த சில மணி நேரத்தில் வலி நன்கு குறைந்தால், அதன் இருப்பிடம் மூட்டே எனக் கருதலாம். அப்போது, மருத்துவர் சொன்ன அளவில், வழக்கமாக வலி தரும் அசைவைச் செய்துபார்த்து, வலி எவ்வளவு குறைந்தது என மணிவாரியாகக் குறித்துவையுங்கள். அக்குறிப்பே மருத்துவருக்குப் பெருந்துணை.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, காய்ச்சல், கர்ப்பம், சர்க்கரை நோய். ஸ்டீராய்டும் சேர்த்துச் செலுத்தினால் சில நாள் சர்க்கரை உயரலாம். அன்று கால் மரத்திருக்கக்கூடும். வண்டி ஓட்டாமல், வீட்டார் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

ஊசிக்குப் பின் காய்ச்சலோ, கூடிக்கொண்டே போகும் வலியோ வந்தால் உடனே வருக. குற்றாலச் சாரலில் வழுக்கி விழுந்து காலை ஊன்ற இயலாவிட்டாலும் அவ்வாறே. அது எலும்பு முறிவாக இருக்கலாம். ஏனையோர் தரையில் அமர்வதையும் குந்துவதையும் சில வாரம் குறைத்து, உயரமான இருக்கையில் அமர்ந்து, இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளைத் தொடருங்கள். பலருக்கு இதனாலேயே வலி தணிகிறது.